ஒருவருக்கு ஒரு கூரை

நுழையும்முன்

வெளியூரில் ஓர் இரவு தங்க நேர்ந்தால் மாந்தர் முதலில் தேடுவது தலைக்கு மேல் ஒரு கூரையையே. அக்கூரையைத் தம் முதுகிலேயே சுமந்து செல்ல வேண்டியவர் எதைச் சுமப்பார்? எதை விட்டுச் செல்வார்? ஆடு மேய்ப்போரும் மலையேறுவோரும் நெடுநடை செல்வோரும் இவ்வினாவிற்குக் கண்ட விடைகளை இப்பாடம் கூறுகிறது.

கம்பளியும் கோலும்

குகட்பள்ளியைக் கடந்து செல்லும் மும்பை நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிப் பயணம் செய்வோர், அடுக்கு மாடிகள் மறைந்து வயல்கள் தோன்றும் இடங்களில் ஆட்டு மந்தைகளைக் காண்பதுண்டு. தூறல் விழும் மாலையில் மந்தையின் ஓரமாக ஒருவர் நிற்பார். கரிய கம்பளி ஒன்று அவருடைய தலையையும் தோளையும் மூடி முழங்கால்வரை தொங்கும். கையில் ஒரு கோல் இருக்கும். அக்கம்பளியைத் தெலுங்கில் ‘கொங்கடி’ என்பர். தக்காணத்துச் செம்மறியின் முரட்டு மயிரை நூற்று, குருமா சமூகத்தார் அதனை நெய்து வந்தனர். பாவு நூலுக்கு விறைப்பு ஏற்றப் புளியங்கொட்டைக் கஞ்சியைத் தடவுவது அவர்கள் மரபு. மக்கள் பாடகர் கத்தர் தோளில் இட்டுக்கொண்டு மேடைதோறும் ஆடிப் பாடிய கம்பளியும் இதுவே.

கொங்கடிக்கு வேலை ஒன்றன்று. வெயிலில் அது நிழல், மழையில் தலைமூடி, இரவில் விரிப்பு, பனியில் போர்வை. ஆட்டு மயிர் ஓரளவு ஈரத்தை உள்வாங்கிய பின்னும் உடலின் சூட்டைக் காக்கும் இயல்புடையது. அதனால் மேய்ப்பர் வீடு திரும்பாத நாள்களில் அக்கம்பளியே அவருக்கு வீடாகிவிடுகிறது.

தமிழ்நாட்டிலும் இத்தகைய வாழ்க்கை உண்டு. இராமநாதபுரம் பகுதியிலிருந்து மந்தைகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் கீதாரிகள், அறுவடை முடிந்த வயல்களில் இரவில் கிடை போடுவர். ஆட்டுக் குட்டிகளை அடைக்கக் குடாப்பு என்னும் கூடு உண்டு. ஆட்டுக்காரருக்கோ போர்வையே கூடு. மழை வந்தால் சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் செருகித் தலையில் கவிழ்த்துக்கொள்வதை ஊர்ப்புறத்தார் ‘கொங்காணி’ என்பர். கொங்கடி, கொங்காணி ஆகிய இரு சொற்களும் ஒலியில் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன! அவை ஒரே வேரில் பிறந்தவையா என்பதை மொழிநூலார் ஆராயட்டும். செய்யும் வேலை ஒன்றே.

இவ்வழக்கம் மிகப் பழையது. நற்றிணையின் 142ஆம் பாடலில் இடைக்காடனார் ஓர் இடையனைக் காட்டுகிறார். கார்காலத்தின் கடைசி நாள். பால் விற்கும் அவ்விடையன் தன் உறியையும், தீக்கடையும் கோல் முதலியவற்றைக் கொண்ட பையையும் தோலோடு சேர்த்துச் சுருட்டி, பனையோலைப் பாயாகிய பறியோடு முதுகில் இட்டிருக்கிறான். நுண்ணிய மழைத்துளிகள் அவன் உடம்பின் ஒரு பக்கத்தை நனைக்கின்றன. அவனோ கோலில் ஒரு காலை வைத்து ஒடுங்கி நின்று, இதழை மடித்துச் சீழ்க்கை அடித்து மந்தையை நிறுத்துகிறான். தனியே செல்லும் ஒருவன் எடுத்துச் செல்ல வேண்டியவை யாவும் அவன் முதுகில் உள்ளன: நெருப்பு, உணவுக்கலம், படுக்கை, மழைமறைப்பு. அவற்றுக்கு மேல் ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் நனைகிறது என்பதையும் புலவர் மறைக்கவில்லை. சுமையைக் குறைத்தவனுக்கு அந்த நனைதல் நேர்கிறது.

முதுகில் ஏறும் கணக்கு

இக்காலத்தில் பையைச் சுமந்துகொண்டு பல நாள் தனியே நடப்போருக்கும் இடையனின் சிக்கலே உள்ளது. அவர்கள் சுமக்கும் கூரைக்குக் கூடாரம் என்று பெயர்.

சுமை தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது நெடுநடையர் கைக்கொள்ளும் பொது அளவு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 12 கிலோ சுமக்கலாம். மூன்று நாள் நடைக்கு உணவு ஏறத்தாழ 2 கிலோ. தண்ணீர் 2 லிட்டர் என்றால் அதுவும் 2 கிலோ. உறக்கப்பை, விரிப்பு, உடை, சமையற்கலம், விளக்கு, மருந்து, பையின் சொந்த எடை ஆகியவை சேர்ந்து 5 கிலோவை எளிதில் எட்டும். எஞ்சுவது 3 கிலோ. கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் இருவர் கூடாரம் ஒன்று பெரும்பாலும் அந்த 3 கிலோவையும் விழுங்கிவிடும்.

இருவர் சேர்ந்து சென்றால் ஒருவர் துணியையும் மற்றவர் கம்பிகளையும் முளைகளையும் சுமக்கலாம். ஆளுக்கு ஒன்றரை கிலோ. தனியே செல்பவருக்குப் பங்காளி இல்லை. இருவருக்கு ஏற்ற கூடாரத்தைத் தனியொருவர் சுமப்பது, வராத நண்பரின் படுக்கையையும் தூக்கிச் செல்வதை ஒக்கும். ஒருவர் கூடாரம் என்ற தனிவகை தோன்றியதன் காரணம் இதுவே.

சுமை குறைந்தால் கால் வலி மட்டும் குறைவதில்லை. இறக்கத்தில் முழங்கால் தாங்கும் அழுத்தம் குறையும். ஓடையைக் கடக்கையில் தடுமாற்றம் குறையும். தனியே செல்பவருக்குக் கால் பிசகினால் கைகொடுக்க ஆள் இல்லை. எனவே எடையைக் குறைப்பதும் ஒரு பாதுகாப்பே. ஆனால் எதுவரை குறைப்பது? இங்கேதான் தேர்வு கடினமாகிறது.

எம்மா கேட்வுட்டின் திரைச்சீலை

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து மெய்ன் மாநிலம்வரை மலைத்தொடர் வழியே செல்லும் நடைபாதை ஒன்று உண்டு. அதனை அப்பலாச்சியன் நடைபாதை என்பர். 1955ஆம் ஆண்டு மே மாதத்தில், 67 அகவை நிரம்பிய ஒரு மூதாட்டி அதில் நடக்கத் தொடங்கினார். அவர் பெயர் எம்மா கேட்வுட், ஒகையோ மாநிலத்தவர், பதினொரு பிள்ளைகளின் தாய். முந்திய ஆண்டில் முயன்று, வழி தவறித் திரும்பியவர். இம்முறை உலாவச் செல்வதாக மட்டுமே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

அவரிடம் முதுகுப்பை இல்லை. முரட்டுத் துணியில் தாமே தைத்த ஒரு சாக்குப்பையைத் தோளில் போட்டுக்கொண்டார். காலில் துணிக் காலணி. கூடாரமும் இல்லை, உறக்கப்பையும் இல்லை. ஒரு போர்வையும், குளியலறையில் தொங்கவிடும் நெகிழித் திரைச்சீலை ஒன்றும் எடுத்துக்கொண்டார். நடக்கையில் மழை பெய்தால் அதுவே போர்வை. படுக்கையில் அதுவே விரிப்பும் கூரையும். பெரும்பாலும் 9 கிலோவைத் தாண்டாத சுமையோடு ஏறத்தாழ 3300 கிலோமீட்டரை நடந்து, செப்டம்பர் 25ஆம் நாள் வடகோடியில் உள்ள கட்டாடின் மலையுச்சியை அடைந்தார். ஒரே பருவத்தில் அப்பாதை முழுவதையும் தனியே நடந்து முடித்த முதற்பெண்மணி அவரே. பின்னர் மேலும் இரு முறை அதனை நடந்து முடித்தார்.

இச்செய்தியைக் கேட்போர், திரைச்சீலை ஒன்றே போதும் என்று எண்ணிவிடக்கூடும். அந்த ஆகஸ்டு மாதத்தில் கோனி, டயான் என்னும் இரு புயல்கள் அடுத்தடுத்து அப்பகுதியைத் தாக்கின. ஓடைகள் பெருகின, அவர் நனைந்தபடியே நடந்தார். குளிர்ந்த இரவுகளில் கற்களை நெருப்பில் சுடவைத்து அவற்றின் மீது படுத்தார். பாதையோரத்தில் நடப்போருக்கென எழுப்பிய மரக்குடில்கள் பல இரவுகளில் அவருக்குக் கூரையாயின. முன்பின் அறியாதவர்கள் தம் வீட்டுக் கதவைத் திறந்து படுக்கை தந்தனர். திரைச்சீலை தனியாக அவரைக் காக்கவில்லை; குடில்களும் மனிதர்களும் அதனோடு சேர்ந்தே காத்தனர். அவை இல்லாத காட்டில் அதே திரைச்சீலையை மட்டும் நம்பிச் செல்வது அறிவுடைமை ஆகாது.

இரவின் மூவகை நீர்

வெயிலில் நடப்பவருக்குத் தண்ணீர் உயிர். இரவில் உறங்குபவருக்கு அதே தண்ணீர் பகை. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவது. எனவே நனைந்த உடையோடு படுத்தவரின் உடற்சூடு விரைந்து வடியும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழ் இறங்கினால் அது உயிருக்கு இடர் தரும் நிலை. அதற்குப் பனிமலை வேண்டியதில்லை. 10 டிகிரி குளிரும் மழையும் காற்றும் சேர்ந்தாலே போதும். முதலில் நடுக்கம், பின்பு விரல்கள் சொன்னபடி கேளா, பேச்சுக் குழறும், அதற்குப்பின் அறிவு மங்கி, தமக்கு நேர்வதே தமக்குத் தெரியாமற் போகும். உடன் ஒருவர் இருந்தால் கண்டுகொள்வார். தனியே இருப்பவரின் குழறலைக் கேட்க யார் உளர்?

நீர் மூன்று வழிகளில் வருகிறது. மேலிருந்து மழையாக வருவதை யாவரும் அறிவர். கீழிருந்து ஈரமண் வழியாகவும் ஓடிவரும் வெள்ளமாகவும் வரும். மூன்றாவது நீரைப் புதியவர் பலரும் எதிர்பார்ப்பதில்லை. அது உறங்குபவரிடமிருந்தே வருகிறது. மூச்சாலும் தோலாலும் ஒருவர் ஓர் இரவில் ஏறத்தாழ கால் லிட்டர் நீரை ஆவியாக வெளிவிடுகிறார். குளிர்ந்த கூடாரத் துணியில் அந்த ஆவி பட்டு, சோற்றுப்பானை மூடியின் உட்புறம்போல் முத்து முத்தாகத் திரளும். விடியற்காலையில் கூடாரம் ஒழுகுகிறது என்று கடைக்காரரைக் குறைகூறுவோர், பலமுறை தம் மூச்சையே குறைகூறுகின்றனர்.

இதனைத் தவிர்க்கவே இரட்டைச்சுவர்க் கூடாரம் அமைந்தது. உள்ளே வலைத்துணியாலான ஓர் அறை. அதற்கு மேல் கைப்பிடி அளவு இடைவெளி விட்டு நீர்புகாத் துணி. ஆவி வலையைக் கடந்து சென்று வெளித்துணியில் திரண்டு, அதன் வழியே கீழே வழியும், உறங்குபவரைத் தொடாது. ஒற்றைச்சுவர்க் கூடாரம் எடை குறைந்தது. ஆனால் காற்றுப் போக்குவரத்திற்கு வழி திறந்திராவிடில் அதன் சுவரில் கைபடும்போதெல்லாம் ஈரம் ஒட்டும். ஒருவர் கூடாரம் ஒடுக்கமானது. முகத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண் கூட இராது. ஆகையால் காற்றோட்டம் இதில் இன்னும் இன்றியமையாதது.

துணியின் உறுதியைக் கடைகளில் மில்லிமீட்டர் கணக்கில் குறித்திருப்பர். துணியின் மீது ஒரு குழாயை நிறுத்தி நீர் ஊற்றிக்கொண்டே வந்தால், எந்த உயரத்தில் துணி கசியத் தொடங்குகிறதோ அந்த உயரமே அவ்வெண். கூரைக்கு 1500 என்றால் பொதுவான மழைக்குப் போதும். தரைத்துணிக்கு அதைவிடக் கூடுதல் வேண்டும். ஏனெனில் முழங்காலும் முழங்கையும் ஊன்றும் இடத்தில் அழுத்தம் மிகுந்து, கீழுள்ள நீர் மேலே கசியும்.

நைலான் துணி நனைந்தால் நீண்டு தொய்யும். நள்ளிரவில் எழுந்து கயிறுகளை மீண்டும் இழுத்துக் கட்ட வேண்டும். பாலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது. டைனீமா என்னும் இழையாலான துணி நீரை உறிஞ்சுவதே இல்லை, எடையும் மிகக் குறைவு. ஆனால் அதன் விலையைக் கேட்டபின் பலருக்கு 300 கிராம் கூடுதலாகச் சுமப்பதில் வருத்தம் தோன்றாது.

எத்தனை வகைக் கூரை

கூரைகளுள் எளியது தார்ப்பாய். நான்கு மூலைகளில் கயிறு கட்டி, நடுவில் ஒரு கோலை நிறுத்தினால் கூரை ஆயிற்று. எடை 500 கிராமுக்குள் அடங்கும். 1990களில் ரே ஜார்டின் என்னும் அமெரிக்க நெடுநடையர் தாமே தைத்த தார்ப்பாயோடு நடந்து, அவ்வழக்கத்தைத் தம் நூல்களால் பரப்பினார். தார்ப்பாய்க்குக் காற்றோட்டம் இயல்பாகவே உண்டு. தரையும் இல்லை, சுவரும் இல்லை, கதவும் இல்லை.

உறக்கப்பையின் மேல் போட்டுக்கொள்ளும் நீர்புகா உறை இன்னொரு வகை. பார்ப்பதற்குத் தலையணைக்கு உறை இட்டதுபோல் இருக்கும். பாறையிடுக்கிலும் படுக்கலாம். ஆயினும் மழைநாளில் அதற்குள் உடை மாற்றவும் உணவு உண்ணவும் முயன்றவர் மறுமுறை அதனை விரும்புவது அரிது.

மூன்றாவது வகை நம் வீட்டுத் தூளியே. இரு மரங்களுக்கு இடையே துணியைக் கட்டி, மேலே தார்ப்பாயை விரித்து, வலை சுற்றிவிட்டால் தூளிப்படுக்கை ஆகும். ஈரத்தரை, வேர், கல் எதுவும் தொல்லை தரா. மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு கிலோ. முதுகின் கீழ்க் காற்று ஓடுவதால் குளிர் மிகும் என்பது ஒரு குறை. மரம் இல்லாத வெளியில் அது வெறும் துணி என்பது பெருங்குறை.

அடுத்தது ஊன்றுகோல் கூடாரம். நடக்கையில் கையில் பிடிக்கும் கோலையே இரவில் கூடாரத்தின் நடுக்காலாக நிறுத்துவது இதன் சூழ்ச்சி. தனியே கம்பிகள் வேண்டாமையால், தரையும் வலையும் உள்ள கூடாரமும் ஒரு கிலோவுக்குக் குறைவாக அமைகிறது. இதுவும் புதுமை அன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில மலையேறுநர் மம்மரி, பனிக்கோடரிகளையே கால்களாக நிறுத்தும் மெல்லிய பட்டுக் கூடாரத்தைப் பயன்படுத்தினார். 1895இல் நங்க பர்வத மலையில் அவர் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த கூடாரம் நெடுங்காலம் வழங்கியது. இடையனுக்குக் கால் வைத்து ஒடுங்கி நிற்கக் கோல். மம்மரிக்குக் கூரை நிறுத்தக் கோடரி. ஒரு பொருளுக்கு இரு வேலை கொடுப்பவர் ஒரு பொருளின் எடையை வீட்டிலேயே விட்டுச் செல்கிறார்.

இறுதியாகக் குவிமாடக் கூடாரம். அலுமினியக் கம்பிகள் வளைந்து நின்று துணியைத் தாங்கும். முளை அடிக்காமலே தன் காலில் நிற்பதால் எங்கும் வைக்கலாம். தூக்கி நகர்த்தவும் செய்யலாம். ஒருவருக்கானது ஒன்றேகால் கிலோ முதல் ஒன்றேமுக்கால் கிலோவரை இருக்கும். விலை குறைந்தவற்றில் கண்ணாடியிழைக் கம்பிகள் இருக்கும். அவை கனம் மிகுந்தவை, முறிந்தால் சிம்பு சிம்பாகப் பிளப்பவை.

தக்காணத்தின் தரை

இவற்றுள் எது நல்லது என்று கேட்பதைவிட எந்த இடத்திற்கு நல்லது என்று கேட்பதே பொருத்தம். ஐதராபாத்தில் வாழும் மாணவர்க்கு அந்த இடம் தக்காணம்.

ஐதராபாத்தைச் சுற்றிலும் உள்ள கருங்கற் பாறைகளைப் பார்க்காத சிறார் இலர். யானைகள் படுத்திருப்பதுபோல் கிடக்கும் அப்பாறைகள் நகரத்துக்கு வெளியேயும் பல காதம் பரவியுள்ளன. அவற்றின் மேல் மண் ஒரு விரற்கடை, அதன்கீழ்க் கல். முளை இறங்காது. முளைகளையே நம்பி நிற்கும் ஊன்றுகோல் கூடாரம் இங்கே தள்ளாடும். நீண்ட கயிறு எடுத்துச் சென்று தலையளவு கற்களில் கட்டத் தெரிந்தவர்க்கு அது நிற்கும். தெரியாதவர்க்குக் குவிமாடமே துணை. எடை கூடினாலும் இங்கு அந்தக் கூடுதல் வீண் அன்று.

மூசி ஆறு பிறக்கும் அனந்தகிரிக் குன்றுகள், நகரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் விகாராபாத்தை அடுத்து உள்ளன. அங்கே மண் உண்டு, மரமும் உண்டு. தூளிப்படுக்கையும் பொருந்தும். ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவமழை. டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் குளிர் 10 டிகிரியை நெருங்குவதும் உண்டு. மழைக்காலத்துக்கு வாங்கிய கூடாரத்தின் வெளித்துணியைக் குளிர்காலத் தெளிவானில் சுருட்டி வைத்துவிட்டு, வலையறையின் வழியே விண்மீன்களைப் பார்த்துக்கொண்டே உறங்கலாம். இரட்டைச்சுவரின் இன்னொரு பயன் அது.

வலையும் தரையும் வேண்டுமா, தார்ப்பாய் போதாதா என்ற வினாவுக்கு வெளிநாட்டு நூல்கள் தரும் விடை இந்நாட்டுக்குப் பொருந்தாது. 2000 முதல் 2019வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. கட்டுவிரியன் இரவில் உலவும் பாம்பு. தரையில் உறங்குவோரை அது கடிக்கும்போது பெரும்பாலும் வலி தெரிவதில்லை. வலியில்லாக் கடியை உறக்கத்தில் இருப்பவர் எவ்வாறு அறிவார்? தேளும் பூரானும் கொசுவும் வேறு. தார்ப்பாயை விரும்புவோர் ஒரு கிலோவை மிச்சப்படுத்த இந்த இடரைத் தலையில் ஏற்றுக்கொள்கின்றனர். தரைத்துணியோடு தைத்த வலையும், முழுதும் மூடும் பல்லிழுப்பானும் கொண்ட கூடாரமே தக்காணத்துக்கு உரியது. கதவை மூடாமல் காலணியை உதறிவிட்டு உள்ளே நுழைவோருக்கு எந்தக் கூடாரமும் உதவாது.

எம்மா கேட்வுட்டின் சிக்கனம் இங்கே இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்படுகிறது. அவரைக் குறைத்து மதிப்பதற்காக அன்று. அவர் நடந்த மண் வேறு என்பதற்காக.

மற்றொன்றையும் கூற வேண்டும். காடு யாவருக்கும் திறந்த வெளி அன்று. நல்லமலைக் காட்டின் ஒரு பகுதி அம்ராபாத் புலிகள் காப்பகத்துள் அடங்கும். அங்கே விரும்பிய இடத்தில் கூடாரம் அடிக்க இயலாது. தமிழ்நாட்டில் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று பரவிய காட்டுத்தீயில், மலையேறச் சென்றோருள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளை வகுத்தது. வனத்துறையின் இசைவும், திரும்பும் நாளை அறிந்த ஒருவர் வீட்டில் இருப்பதும் கூடாரத்துக்கு முன்பே தேவையானவை. கூடாரத் துணி நெருப்பில் உருகி உடலில் ஒட்டும். மூடிய கூடாரத்துள் அடுப்பு மூட்டினால் கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு வளி உயிரைப் பறிக்கும். சமையல் எப்போதும் வெளியில்.

வாங்குவதற்கு முன் கடைத் தளத்திலேயே கூடாரத்தை விரித்து அதனுள் படுத்துப் பார்ப்பது நல்லது. தலையும் காலும் சுவரைத் தொடலாகாது. உறக்கப்பை சுவரில் பட்டால் திரண்ட நீர் அதில் ஏறிவிடும். ஆகவே நடுத்தர உயரமுள்ளவர்க்கும் 210 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளம் வேண்டும். எழுந்து உட்கார ஏறத்தாழ 100 சென்டிமீட்டர் உயரம் போதும். மழை விடாமல் பெய்யும் ஒரு பகல் முழுவதையும் அதனுள் கழிக்க நேரலாம் என்பதை எண்ணிப் பார்த்தால், உட்காரும் உயரத்தின் அருமை விளங்கும். பின்பு அதே கூடாரத்தை வீட்டு மொட்டைமாடியில் இருட்டில், ஒரு கைவிளக்கோடு, தனியே நிறுத்திப் பழக வேண்டும். காட்டில் மழை தொடங்கிய பின் கற்றுக்கொள்வதற்கு நேரம் இராது.

சொற்பொருள்

பாவு – தறியில் நீளவாட்டில் செல்லும் நூல்
கிடை – இரவில் ஆடுகளை ஓரிடத்தில் நிறுத்தி வைத்தல்
கீதாரி – ஊர் விட்டு ஊர் சென்று ஆடு மேய்ப்போரின் தலைவர்
உறி – கலங்களைத் தொங்கவிடும் கயிற்றுப் பின்னல்
தீக்கடைதல் – கோலைக் கடைந்து நெருப்பு உண்டாக்குதல்
சீழ்க்கை – இதழ் மடித்து எழுப்பும் ஒலி
முளை – கயிற்றைக் கட்டத் தரையில் அடிக்கும் குச்சி
தூளி – குழந்தையை உறங்கவைக்கும் துணித் தொட்டில்
விரற்கடை – ஒரு விரலின் அகல அளவு
பல்லிழுப்பான் – பற்கள் கோத்து மூடும் இழுவை, ஜிப்

பயிற்சி

1. நற்றிணை காட்டும் இடையன் முதுகில் சுமந்தவை யாவை? அவற்றுள் ஒன்றை அவன் விட்டுச் சென்றிருந்தால் அவனுக்கு என்ன நேர்ந்திருக்கும்?

2. எம்மா கேட்வுட் கூடாரமின்றி நடந்து முடித்தார். அதே முறையில் நல்லமலைப் பகுதியில் இரவு தங்குவது ஏன் இடர் மிக்கது? பாடத்திலிருந்து இரு காரணங்களைக் காட்டி எழுதுக.

3. 50 கிலோ எடையுள்ள ஒருவர் இரண்டு நாள் நடைக்குப் புறப்படுகிறார். அவர் சுமக்கத்தக்க எடையைக் கணக்கிட்டு, அதில் கூடாரத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம் எனப் பட்டியலிட்டுக் காட்டுக.

4. ‘கொங்கடி’, ‘கொங்காணி’ போல ஒலியில் நெருங்கிய தமிழ்ச் சொற்களும் தெலுங்குச் சொற்களும் மேலும் ஐந்து இணைகளை வீட்டிலும் அண்டை வீட்டிலும் கேட்டு எழுதுக. அவற்றின் பொருள் ஒன்றா, வேறா?

5. பெரியவர் ஒருவரின் துணையோடு செய்க: இரு நாற்காலிகளுக்கு இடையே கயிறு கட்டி, பழைய நெகிழி விரிப்பை மொட்டைமாடியில் கூரையாக விரிக்க. அதன் இரு முனைகளையும் துணியால் மூடி, மாலையில் அரைமணி நேரம் உள்ளே அமர்க. பின்பு விரிப்பின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்த்து, கண்டதை ஐந்து தொடர்களில் எழுதுக. ஒரு முனையைத் திறந்து வைத்து மறுநாள் மீண்டும் செய்து ஒப்பிடுக.